சேவையகங்களிடைத் தூது

ஆற்றலுடையார் இருவர் அருகருகே இருப்பினும், ஒருவர் கூறுவதை மற்றவர் விளங்கிக்கொள்ளும் வழி அவர்களிடையே இல்லையாயின், அவ்விருவராலும் ஒரு கருமமும் இனிது நிறைவேறாது. மனித வாழ்வில் நாடோறும் காணப்படும் இவ்வுண்மை கணினி உலகுக்கும் பொருந்துவதேயாம். பரீட்சைப் பெறுபேற்றை அறிய முயலும் மாணவனும், வங்கிக் கணக்கை வீட்டிலிருந்தவாறே நோக்கும் வணிகனும் தத்தம் திரையில் ஒரு பக்கத்தையே காண்கின்றனர். அப்பக்கம் வந்துசேர்தற்கு இரண்டு சேவையகங்களும், அவற்றிடையே ஒரு தூதனும் உழைத்திருத்தல் கூடும் என்பதை அவர்கள் அறியார். அறியவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. ஆயின், அத்தூதனை நியமிக்கும் பொறுப்பு எவரிடம் ஒப்புவிக்கப்பட்டுளதோ, அவர் அதன் இயல்பைச் செவ்வனே அறிந்திருத்தல் வேண்டும். அறியாது நியமித்தலால் விளையும் கேடு, பக்கம் வாராதொழிவதோடு நில்லாது, பிறர் நம்பி ஒப்படைத்த செய்திகள் வெளியே போதலிலும் சென்று முடியும்.

அத்தூதனே வலைச் சேவையகத்திற் பொருத்தப்படும் செருகி என்பது. அதனை அமைக்கும் முறையை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வகைச் செருகிகள் பல உள. அவற்றுள், அப்பாச்சி வலைச் சேவையகத்தையும் ரொம்காற் என்னும் பிரயோகச் சேவையகத்தையும் இணைக்கின்ற மொட்-ஜேகே என்பதனை ஈண்டு எடுத்துக்கொள்வோம். மூன்றும் விலையின்றிப் பெறத்தக்கன. கல்லூரி ஆய்வுகூடத்திலுள்ள ஒரே கணினியில் மாணவர் தாமே அமைத்துப் பார்க்கத்தக்கன. அமைவுக் கோப்புகளில் வரும் சொற்கள் யாவும் ஆங்கில எழுத்திலேயே எழுதப்படுவன. இங்கு அவற்றின் ஒலிப்பை மாத்திரம் தமிழிற் றருகின்றோம்.

இருவகைச் சேவையகம்

வலைச் சேவையகத்தின் முதற்றொழில், உலாவி கேட்கும் கோப்பை எடுத்துக் கொடுத்தலாகும். எழுதிவைத்த பக்கம், படம், ஒலி முதலியன ஒருமுறை ஆக்கப்பட்டபின் மாறாதிருப்பவை. அவற்றை விரைந்து வழங்குவதில் அது வல்லது. ஆயின், கேட்பவர்க்கேற்ப அப்பொழுதே ஆக்கப்படவேண்டிய பக்கங்களும் உள. ஒருவர் தம் சுட்டெண்ணைக் கொடுத்துப் பெறுபேறு கேட்கும்போது, அவருக்கென ஆயத்தமாக ஒரு கோப்பு இருப்பதில்லை. தரவுத்தளத்தை வினவி, விடையைப் பக்கமாக வனைந்து கொடுத்தல் வேண்டும். 1993ஆம் ஆண்டிற் றோன்றிய சீ.ஜீ.ஐ. என்னும் முறை இதற்கு வழிவகுத்தது. ஆனால் அம்முறையில், வரும் வேண்டுகோள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல் புதிதாகத் தொடங்கி முடியவேண்டியிருந்தது. கேட்போர் பெருகியபோது கணினி களைப்புற்றது.

இக்குறையை நீக்குதற்பொருட்டு எழுந்தனவே பிரயோகச் சேவையகங்கள். இவை ஒருமுறை தொடங்கியபின் ஓயாது இயங்கியவாறே, வரும் வேண்டுகோள்களைப் பல இழைகளிற் பகிர்ந்து நிறைவேற்றும். ஜாவா மொழியில் இதற்கென வகுக்கப்பட்ட சேர்விளெற் முறை 1997ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1999ஆம் ஆண்டில் சன் நிறுவனம் தான் ஆக்கிய சேர்விளெற் நிரலை அப்பாச்சி மென்பொருள் மன்றத்துக்கு அளித்தது. அதுவே ரொம்காற் எனப் பெயர்பெற்றது. அம்மன்றத்தின் அக்சிஸ்2 என்னும் ஆக்கத்தில் இலங்கைப் பொறியியலாளர் பலர் முன்னின்று உழைத்தனர் என்பதும், அவ்வாக்கம் ரொம்காற்றினுள் வைத்து இயக்கத்தக்கது என்பதும் நம் மாணவர் அறிந்திருக்கவேண்டியவை.

ரொம்காற் தானே 8080 என்னும் துறையில் நின்று உலாவிகளுக்கு நேரே மறுமொழி தரவல்லது. அற்றாயின் முன்னே ஒரு வலைச் சேவையகம் எதற்கு என வினவலாம். சிறிய தளமாயின் தேவையில்லை என்பதே நேர்மையான விடை. ஆயின், ஒரே பெயரின் கீழ்ப் பல பிரயோகங்களை நடத்துவோர்க்கும், ஒரு பிரயோகத்தையே பல ரொம்காற்றுகளிற் பகிர்ந்து நடத்துவோர்க்கும், மறைகுறியாக்கத்தை ஓரிடத்திற் செய்ய விரும்புவோர்க்கும், பிரயோகச் சேவையகத்தை வெளியுலகின் கண்ணிற் படாது உள்வலையமைப்பில் வைக்க விரும்புவோர்க்கும் முன்வாயில் ஒன்று வேண்டியதாகின்றது.

தூதன் இயல்பு

திருக்குறளிற் றூது என ஓர் அதிகாரம் உண்டு. அதற்கு உரைகண்டோர் தூதரை இருவகைப்படுத்துவர்: இடமறிந்து தானே வகுத்துப் பேசும் தூதன் ஒருவன்; சொல்லியதைச் சொல்லியவாறே உரைக்கும் தூதன் மற்றொருவன். நமது செருகி பெரும்பாலும் இரண்டாம் வகையினது. எந்த வேண்டுகோளை எடுத்துச் செல்வது, எவரிடம் கொண்டுசெல்வது என்பதை நாம் எழுதிக்கொடுத்த ஏட்டைப் பார்த்தே அது அறியும். ஏட்டில் இல்லாததை அது ஊகித்துச் செய்யாது.

அது பேசும் மொழி ஏ.ஜே.பி. எனப்படும் நெறிமுறையாகும். உலாவி பேசும் எச்.ரி.ரி.பி. மனிதர் வாசிக்கத்தக்க சொற்களாலானது, ஏ.ஜே.பி.யோ அச்சொற்களை எண்களாகச் சுருக்கி அனுப்புவது. எடுத்துக்காட்டாக, பக்கத்தைத் தருக என்னும் 'கெற்' என்ற ஏவற்சொல், இந்நெறிமுறையில் 2 என்னும் ஓர் எண்ணாகவே செல்லும். ஒருமுறை திறந்த இணைப்பை மூடாது வைத்து, அடுத்தடுத்த வேண்டுகோள்களை அதன்வழியே அனுப்புவதும் இதன் இயல்பு. வழக்கமாக இது 8009ஆம் துறையில் நடைபெறும்.

இங்கு ஒன்று கருதற்பாலது. செருகி, வேண்டுகோளை மாத்திரம் கொண்டுசெல்வதில்லை. கேட்டவரின் வலை முகவரி யாது, அவர் மறைகுறியாக்கப்பட்ட வழியில் வந்தாரா, வாயிலில் அடையாளம் காட்டியிருப்பின் அவர் பெயர் யாது என்பனவற்றையும் அது எடுத்துரைக்கின்றது. ரொம்காற், வந்தவரை நேரிற் காண்பதில்லை. தூதன் சொல்லையே பெரிதும் நம்புகின்றது. இந்நம்பிக்கையே இம்முறையின் வலிமை. இதுவே இதன் ஆபத்துமாம்.

வாயிலில் அமைக்கவேண்டியவை

அப்பாச்சியின் பக்கத்தில் இரண்டு கோப்புகள் உள. ஒன்று அப்பாச்சியின் பொது அமைவுக் கோப்பு, மற்றது 'வேர்க்கர்ஸ்.புறொப்பட்டீஸ்' எனப்படும் தூதேடு.

பொதுக் கோப்பில் 'லோட்மொடியூல்' என்னும் கட்டளையாற் செருகியை ஏற்றி, 'ஜேகேவேர்க்கர்ஸ்பைல்' என்பதனால் தூதேடு இருக்கும் இடத்தையும், 'ஜேகேலொக்பைல்' என்பதனால் நிகழ்ச்சிப் பதிவேட்டின் இடத்தையும் குறிப்பிடுதல் வேண்டும். அடுத்து, 'ஜேகேமவுண்ற்' என்னும் கட்டளை எந்த முகவரிகள் உள்ளே செல்லவேண்டும் என்பதை வரையறுக்கும். கல்லூரி நூலகப் பட்டியலை வழங்கும் ஒரு பிரயோகம் '/நூலகம்' என்ற பாதையில் இருப்பதாகக் கொள்வோம். '/நூலகம்/*' என எழுதினால், அப்பாதையின் கீழுள்ளவை யாவும் ரொம்காற்றுக்குச் செல்லும். ஆனால் இறுதிச் சாய்கோடின்றி '/நூலகம்' என மாத்திரம் தட்டெழுதியவர் வாயிலிலேயே நின்றுவிடுவார். இரண்டையும் அடக்குதற்கு '/நூலகம்|/*' என எழுதுதல் வேண்டும்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. அப்பாச்சி ஒரே கணினியிற் பல தளங்களை நடத்தவல்லது. அவற்றை மெய்நிகர் தளங்கள் என்பர். பொதுப்பகுதியில் எழுதிய 'ஜேகேமவுண்ற்' கட்டளைகள் இத்தளங்களுக்குத் தாமாகச் சென்றடைவதில்லை. 'ஜேகேமவுண்ற்கொப்பி' என்பதனை இயக்குதல் வேண்டும். அன்றேல் ஒவ்வொரு தளத்தினுள்ளும் அக்கட்டளைகளைத் தனித்தனி எழுதுதல் வேண்டும். 80ஆம் துறைக்குரிய தளத்தில் எழுதிவிட்டு, மறைகுறியாக்கத்துக்குரிய 443ஆம் துறைத் தளத்தில் எழுத மறத்தல் பலர்க்கும் நேர்வது.

தூதேட்டில், தூதுக்குரியார் யாவர் என்பது எழுதப்படும். 'வேர்க்கர்.லிஸ்ற்' என்ற வரியிற் பெயர்களை நிரைப்படுத்தி, பின் ஒவ்வொரு பெயருக்கும் வகை, இடம், துறை ஆகிய மூன்றையும் தருதல் வேண்டும். 'ரொம்1' எனப் பெயரிட்டால், அதன் வகை 'ஏஜேபி13', அதன் இடம் ரொம்காற் இயங்கும் கணினியின் முகவரி, துறை 8009. இவ்வேட்டை அப்பாச்சி தொடங்கும்போதே வாசிக்குமாதலின், மாற்றம் செய்தபின் அதனை மறுபடி தொடக்குதல் அவசியம். தொடக்குமுன், பொதுக் கோப்பின் எழுத்தமைதியைச் சோதிக்கும் 'கொன்பிக்ரெஸ்ற்' கட்டளையை இயக்கிப் பார்த்தல் நல்வழக்கமாகும்.

அகத்தில் அமைக்கவேண்டியவை

ரொம்காற்றின் பக்கத்தில் 'சேர்வர்.எக்ஸ்எம்எல்' என்னும் கோப்பு ஒன்றே போதும். அதில் 'கனெக்ரர்' என்ற உறுப்பு, ரொம்காற் எத்துறையில் எந்நெறிமுறையைச் செவிமடுக்கும் என்பதைக் கூறும். ஏ.ஜே.பி.க்குரிய உறுப்பு அண்மைக்காலப் பதிப்புகளில் இயங்காதவாறு குறிப்புரையாக மூடப்பட்டிருக்கும். அதனைத் திறந்து, துறை, முகவரி, இரகசியச்சொல் ஆகியவற்றை நிரப்புதல் வேண்டும். முகவரியைத் தாராதொழியின், ரொம்காற் தன் கணினியின் உள்முகவரியில் மாத்திரமே செவிமடுக்கும். இரு சேவையகங்களும் ஒரே கணினியிலிருப்பின் அது போதுமானது. அப்பொழுதும் ஒரு பக்கத்தில் 'லோக்கல்ஹோஸ்ற்' என்றும் மறுபக்கத்தில் எண்முகவரியாகவும் எழுதாது, இரண்டிலும் 127.0.0.1 என எழுதுதல் நன்று. ஏனெனில் அப்பெயர் சில கணினிகளிற் புதிய ஆறாம் பதிப்பு முகவரியைக் குறித்து, இருவரும் வெவ்வேறு வாயில்களிற் காத்திருக்கும்படி செய்துவிடும்.

இருபாலும் ஒத்திருக்கவேண்டியவை

செருகியை அமைத்தல் என்பது ஒரு கோப்பை நிரப்புதலன்று. இரு தரப்பார் கைச்சாத்திடும் உடன்படிக்கையை எழுதுதலாகும். ஒரு பக்கத்தில் எழுதியது தன்னளவில் எத்துணைச் சரியாயினும், மறுபக்கத்திலுள்ளதோடு ஒவ்வாதாயின் பயனில்லை. ஒத்திருக்கவேண்டியவற்றுள் ஐந்தினை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, முகவரியும் துறையும். இதன் இன்றியமையாமை வெளிப்படை.

இரண்டாவது, இரகசியச்சொல். தூதேட்டிலுள்ள 'சீக்றெற்' என்பதும், 'கனெக்ரர்' உறுப்பிலுள்ள 'சீக்றெற்' என்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாயிருத்தல் வேண்டும். வேறுபடின், ரொம்காற் 403 என்னும் மறுப்பைத் தரும்.

மூன்றாவது, பெயர். பல ரொம்காற்றுகளிடையே வேலை பகிரப்படும்போது, ஒருவர் முதலில் எந்த ரொம்காற்றிடம் சென்றாரோ அவரைத் தொடர்ந்து அதனிடமே அனுப்புதல் வேண்டும். ஏனெனில் அவர் உள்நுழைந்த அமர்வின் விவரம் அங்கேதான் உள்ளது. இதற்காக ஒவ்வொரு ரொம்காற்றும், தான் வழங்கும் அமர்வு அடையாளத்தின் இறுதியில் ஒரு புள்ளியிட்டுத் தன் பெயரை இணைக்கும். அப்பெயர் 'எஞ்சின்' உறுப்பில் 'ஜேவிஎம்றூட்' என எழுதப்படுவது. தூதேட்டிலுள்ள பெயரும் அதுவும் ஒன்றாயின், செருகி அதனைப் பார்த்து உரிய இடத்துக்கு அனுப்பும். 'ரொம்1' என ஓரிடத்தும் 'ரொம்-1' என மற்றோரிடத்தும் எழுதியிருப்பின், அமர்வு விவரம் ரொம்காற்றுகளிடையே பகிரப்படாதவிடத்து, நீண்ட விண்ணப்பம் ஒன்றைப் பாதி நிரப்பியவர் அடுத்த பக்கத்திற் புதியவராகக் கருதப்பட்டு, மீண்டும் உள்நுழையுமாறு கேட்கப்படுவார். அவர் எழுதியவையும் தொலையும். ஒரு சிறு கோட்டால் விளைந்த இத்துன்பத்தின் காரணத்தை அவர் ஒருபோதும் அறியார்.

நான்காவது, காலவெல்லை. பயன்படாதிருக்கும் இணைப்பை எவ்வளவு நேரத்தின்பின் மூடுவது என்பதை இருபக்கமும் தனித்தனி வரையறுக்கும். தூதேட்டில் இது விநாடியில் எழுதப்படும். ரொம்காற்றிலோ ஆயிரத்திலொரு விநாடியில் எழுதப்படும். ஆகவே 10 நிமிடத்தைக் குறித்தற்கு ஒரு பக்கத்தில் 600 எனவும், மறுபக்கத்தில் 600000 எனவும் எழுதுதல் வேண்டும். அளவையை நோக்காது இரண்டிலும் 600 என எழுதினால், ரொம்காற் ஒரு விநாடியும் பொறாது இணைப்பை மூடிவிடும். செருகியோ அது திறந்திருக்கின்றது என்ற எண்ணத்திற் செய்தியை அனுப்பும். அலகின்றி எண் பொருளற்றது எனப் பௌதிக வகுப்பில் நாம் மாணவர்க்கு வற்புறுத்துவது வீண்போகவில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

ஐந்தாவது, பொதியின் அளவு. ஏ.ஜே.பி. பொதி ஒன்று, மாற்றி அமைக்காதவிடத்து 8192 பைற்று அளவினது. குக்கிகளும் தலைப்புகளும் பெருத்து இவ்வெல்லையைக் கடப்பின் வேண்டுகோள் தோல்வியுறும். எல்லையை உயர்த்த விரும்புவோர் இருபக்கத்திலும் ஒரே அளவாக உயர்த்துதல் வேண்டும்.

நம்பிக்கையும் அதன் எல்லையும்

ரொம்காற் தூதன் சொல்லை நம்புகின்றது என்றோம். தூதன்போல் வேடமிட்டு வேறொருவர் 8009ஆம் துறையிற் பேசத் தொடங்கினால் என்னாகும்? 2020ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளியான ஒரு குறைபாடு இவ்வினாவுக்கு விடையாயிற்று. கோஸ்ற்காற் என அழைக்கப்பட்ட அதனைச் சீன நாட்டுப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒன்று கண்டறிந்தது. அந்நாள்வரை ரொம்காற்றின் அமைவுக் கோப்பில் ஏ.ஜே.பி. வாயில் தானாகவே திறந்திருந்தது. கணினியின் எல்லா முகவரிகளிலும் செவிமடுத்தது. இரகசியச்சொல் எதனையும் கேட்கவில்லை. அத்துறையை அணுகக்கூடிய எவரும், தூதன் மொழியிற் சில பண்புகளை இட்டு அனுப்பி, பிரயோகத்தினுள்ளிருக்கும் கோப்புகளை வாசிக்க முடிந்தது. வெளியார் காணக்கூடாத 'வெப்-இன்ப்' என்னும் உறைவும் இதிலிருந்து தப்பவில்லை. தரவுத்தளக் கடவுச்சொற்கள் பலராலும் வைக்கப்படும் இடம் அதுவே. கோப்பேற்றத்துக்கு இடமளிக்கும் பிரயோகங்களில் இதனினும் பெருங்கேட்டுக்கும் வழியிருந்தது.

இக்குறை 9.0.31, 8.5.51, 7.0.100 ஆகிய பதிப்புகளில் நீக்கப்பட்டது. அவற்றில் ஏ.ஜே.பி. வாயில் மூடியே தரப்பட்டது; திறந்தாலும் உள்முகவரியில் மாத்திரம் செவிமடுத்தது; இரகசியச்சொல் கட்டாயமாயிற்று. பழைய கோப்பை மாற்றாது புதிய பதிப்புக்குச் சென்றோர் பலர், ஏ.ஜே.பி. வாயில் தொடங்க மறுப்பதைக் கண்டு திகைத்தனர். இரகசியச்சொல் கட்டாயமில்லை என ஒரு வரியை எழுதி அவ்வெச்சரிக்கையை அடக்கிவிடுதல் எளிது; அது பூட்டைக் கழற்றிக் கதவைத் திறந்துவைப்பதற்கு ஒப்பாகும்.

ஆயினும், இரகசியச்சொல் ஒன்றே போதுமெனக் கொள்ளலாகாது. ஏ.ஜே.பி. மறைகுறியாக்கமற்றது, இடைவழியில் ஒற்றறிவோர்க்கு அச்சொல்லும் செய்தியும் ஒருங்கே புலப்படும். ஆதலின் இரு சேவையகங்களும் ஒரே கணினியிலேனும், பிறர் புகமுடியாத உள்வலையமைப்பிலேனும் இருத்தல் வேண்டும். 8009ஆம் துறையை வலைச் சேவையகம் தவிர வேறெவரும் அணுகாதவாறு தீச்சுவரால் அடைத்தலும் வேண்டும். படம் முதலியவற்றை அப்பாச்சியே நேரில் வழங்கும்பொருட்டு, ரொம்காற்றின் பிரயோக உறைவை அப்பாச்சிக்குக் காட்டிக்கொடுப்போரும் உளர். அங்ஙனம் செய்வோர் 'வெப்-இன்ப்' உறைவுக்குச் செல்லும் வழியை அப்பாச்சியில் வெளிப்படையாகத் தடுத்தல் வேண்டும். அதனைக் காக்கும் வழக்கம் ரொம்காற்றுக்கு உண்டு, அப்பாச்சிக்கு இல்லை.

பிழை தேடும் முறை

அமைத்தது இயங்காதபோது கோப்புகளைக் கண்டவாறு மாற்றுதல் நோயை அறியாது மருந்து கொடுப்பதாகும். முதலில் ரொம்காற்றைத் தனியே 8080ஆம் துறையிற் சோதிக்க. அடுத்து அப்பாச்சி ஒரு சாதாரணக் கோப்பைத் தருகின்றதா எனச் சோதிக்க. இரண்டும் தனித்தனி நலமாயின், பிழை இடையிலேதான் உள்ளது என்பது துணிபு.

பின்னர் மறுமொழியின் எண்ணை நோக்குக. 404 வரின், அதனைக் கூறியவர் யார் எனக் காண்க. அப்பாச்சியின் பிழைப்பக்கமாயின், வேண்டுகோள் உள்ளே செல்லவே இல்லை. 'ஜேகேமவுண்ற்' வரியை ஆராய்க. ரொம்காற்றின் பிழைப்பக்கமாயின், தூது சரியாகச் சென்றது. பிரயோகத்தின் பெயரே பொருந்தவில்லை. 503 வரின், பெரும்பாலும் தூதன் உரியாரைக் காணாது திரும்பினன் என்க. ரொம்காற் இயங்குகின்றதா, முகவரியும் துறையும் ஒத்தனவா என நோக்குக. 403 வரின் இரகசியச்சொல்லை ஒப்பிடுக. இவற்றுள் அடங்காதவற்றுக்குச் செருகியின் பதிவேடு விடைகூறும். ஒருகாலத்து ஒரு மாற்றம் மாத்திரம் செய்து, அதன் பயனைக் கண்டபின்னரே அடுத்ததைச் செய்தல் வேண்டும். இரசாயன ஆய்வுகூடத்திற் கைக்கொள்ளும் ஒழுங்கும் இதுவேயன்றோ!

முடிபு

இன்று பலர் இச்செருகியை விடுத்து, எச்.ரி.ரி.பி. நெறிமுறையிலேயே பேசும் பதிலாள் முறையைக் கைக்கொள்கின்றனர். கருவிகள் மாறலாம், ஆனால் ஒருவர் மற்றவரை எவ்வாறு அடையாளம் காண்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, எதனை நம்புவது, எதனை நம்பாதொழிவது என்னும் வினாக்கள் மாறுவதில்லை. இவ்வினாக்களுக்கு இருபக்கமும் ஒரே விடையை எழுதிவைத்தலே அமைவாக்கம் எனப்படுவது.

ஆகவே மாணவர் இதனைச் செய்து பழகும்போது, இரு கோப்புகளையும் அருகருகே வைத்து, ஒத்திருக்கவேண்டிய ஐந்தினையும் ஓர் அட்டவணையாக ஏட்டில் எழுதுவாராக. தானாகத் தரப்பட்ட பெறுமானம் ஒவ்வொன்றையும் ஏன் என வினவுவாராக. பின்னொரு நாள், ஊரவரின் வைத்தியக் குறிப்புகளையோ மாணவரின் பெறுபேறுகளையோ காக்கும் சேவையகம் ஒன்று அவர்தம் பொறுப்பில் வருமாயின், அவற்றைப் பார்த்தற்கு உரியார் பார்க்கவும், உரியரல்லார் அணுகாதிருக்கவும் இப்பழக்கம் துணைசெய்யும்.